ஒரு சந்தாவுக்கு ஒருவர்

பால் பாக்கெட் போடும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர் அவர். எந்த ஊரில் எந்த இயந்திரம் படுத்துக்கொண்டாலும் கம்பெனி இவரைத்தான் விமானத்தில் ஏற்றிவிடும். ஓயாமல் பயணம் செய்கிறவர்களுக்கென்றே ஒரு வைஃபை சந்தா உண்டு. அதையும் கம்பெனியே கட்டிவிட்டது. விமான நிலையம், ஓட்டல், பெரிய காபிக் கடை என்று எங்கே போய் நின்றாலும் நெட் கிடைக்கும். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மச்சான் வந்தால் போதும், போனை எடுத்து நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிடுவார்.

நெட் கிடைக்காத ஒரே இடம் அவருடைய வீடு. மூன்றாவது மாடியில் பின்பக்க பிளாட். போனில் சிக்னல் வேண்டுமென்றால் சமையலறை ஜன்னலோரம், ஈரத்துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்கு ஒரு இணைப்பு வாங்கலாம் என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"எனக்குத்தான் போற இடமெல்லாம் இருக்கே. வீட்டுல சும்மா இருக்கிற உங்களுக்கு எதுக்கு?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எப்படித்தான் நாக்கு வந்ததோ.

மனைவிக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. குனிந்து நிமிர முடியாதவளைத் தனியே விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போக மகளால் முடியவில்லை. கைக்கு வந்த இரண்டு வேலைகளை விட்டாள். கடைசியில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வந்தது. கடைசி நேர்காணல் வீடியோவில். அது நல்லபடியாக முடிந்தால் வேலை அவளுக்கு.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம தெரு முனை ஓட்டல்ல போய் உக்காரும்மா. என் சந்தா அங்க வேலை செய்யும். என் பாஸ்வேர்டையே போட்டுக்கோ. அன்னைக்கு நான் அதைத் தொடக்கூட மாட்டேன்."

தொடக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சந்தாவில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் இருக்கலாம். இரண்டாவது உள்ளே வந்தால் முதலாவதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். இது அவருக்கு நன்றாகவே தெரியும். அன்று காலை விமானத்தில் ஏறும் முன் லேப்டாப்பை மூடிப் பைக்கு அடியில் வைத்தார். போனை மட்டும் மறந்துவிட்டார். சந்தா நெட் எங்கே கிடைத்தாலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும்படி அந்தப் போனைப் பழக்கி வைத்திருந்தவர் அவரேதான்.

இறங்கியதும் எல்லோரையும் போலப் போனை உயிர்ப்பித்தார். பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் நின்றபடி மகளுக்கு எழுதினார்: "தைரியமா பேசு. அப்பா கூடவே இருக்கேன்." செய்தி போனது, அவள் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நல்ல நினைப்புதான்.

சற்று நேரத்தில் அவருடைய நெட் அறுந்தது. திரையில் ஏதோ அறிவிப்பு வந்தது. வருஷக்கணக்காகப் பயணம் செய்கிறவன் அறிவிப்பைப் படிப்பதில்லை. கட்டைவிரலுக்கே இடம் தெரியும். 'மீண்டும் இணை' என்பதை அழுத்தினார். நெட் வந்தது. மறுபடி அறுந்தது. மறுபடி அழுத்தினார். "என்ன நெட்டோ" என்று பக்கத்தில் நின்றவரிடம் அலுத்துக்கொண்டு இன்னொரு தடவையும் அழுத்தினார். அடுத்த முறை, பெட்டி வரத் தாமதமானதால் பொழுது போகாமல், அறிவிப்பைப் படித்தார்.

'உங்கள் கணக்கில் வேறொரு கருவி நுழைந்துள்ளது.'

தெரு முனை ஓட்டலில் உட்கார்ந்து அவள் உள்ளே நுழைய நுழைய, இவர் அவளை வெளியே பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். அதுவும் பெற்ற அப்பனின் கையாலேயே. வைஃபையை அணைத்துவிட்டுக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. பெல்ட்டில் அவருடைய பெட்டி இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போனது.

சாயங்காலம்தான் பேசினாள். ஜன்னலோரம் நின்றிருக்க வேண்டும், குரல் விட்டு விட்டு வந்தது.

"வீட்டுல இருந்து வேலை பாக்கறவங்களுக்கு முதல்ல ஒழுங்கா நெட் இருக்கணும்னு சொல்லிட்டாங்கப்பா. அதோட முடிஞ்சுது."

"நான் அவங்களுக்கு எழுதறேம்மா. தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

"வேணாம்பா. அது வேற அவங்களுக்குத் தெரியணுமா?"

அவள் கோபமாகப் பேசியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழிந்தன. மகளுக்குச் சின்ன வேலை ஒன்று கிடைத்திருந்தது. சம்பளம் பாதிகூட இல்லை. ராத்திரி பகல் பார்க்காமல் பில்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தச் சம்பளத்தில் அவள் முதலில் செய்தது வீட்டுக்கு இணைப்பு வாங்கியதுதான். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது, கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

"பாஸ்வேர்டு என்னம்மா?" என்று கேட்டார்.

"அது எனக்கும் அம்மாவுக்கும்பா. வேலை நேரத்துல நடுவுல அறுந்துடக் கூடாது. வந்து போறவங்களுக்குன்னு தனியா ஒரு நெட் இருக்கு, அதுல உங்களைச் சேர்த்துடறேன்." அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குரலில் குத்தல் எதுவும் இல்லை. "எத்தனை நாளைக்குன்னு கேக்குது. நீங்க எப்பப்பா கிளம்பறீங்க?"

கட்டிலில் படுத்திருந்த மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை" என்றார் அவர்.

அவள் வியாழக்கிழமை என்று போட்டாள்.