சலாலாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்

ஓமானில் நிஸ்வாவிலிருந்து சலாலாவுக்கு நாங்கள் போன பாதை எண்ணூற்று நாற்பத்தொன்பது கிலோமீட்டர். ஒன்பது நாள், மூன்று பேர், மூன்று சைக்கிள், ஒரு பிக்அப். ஏழு முறை பஞ்சர்; அதில் நான்கு என்னுடைய டயர். எல்லாம் நோட்டில் இருக்கிறது. துபாய்க் கட்டடங்களில் எத்தனை கல், எத்தனை கம்பி, எத்தனை கதவு என்று முப்பத்தொரு வருடம் எண்ணிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கண் எதைப் பார்த்தாலும் எண்ணத் தொடங்கிவிடும். அல் குசைஸில் எங்கள் மாடிப்படி மொத்தம் அறுபத்தெட்டு. முழங்கால் வலியோடு அதில் ஏறும்போது எண்ணாமல் இருக்க முடியுமா?

சைக்கிள் பயணம் என்னுடைய யோசனை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு யாரும் சொல்லவில்லை. நான்கு வருடம் வாரத்துக்கு மூன்று காலை பயிற்சி எடுத்தவன் நான். அறுபத்தாறு வயதில் உடம்பில் ஒரு பிடி சதை கூடுதலாகக் கிடையாது. கூட வந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஷார்ஜாவில் கப்பல் அலுவலகத்தில் வேலை, பேச்சு குறைவு. இன்னொருவர் துபாய் தேராவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய். நெல்லைக் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், அறுபத்தொரு வயது, தொப்பை உண்டு. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பதினோரு மாதத்தில் எங்கள் சைக்கிள் குரூப்பில் நூற்று முப்பது பேருக்கும் அவர் வேண்டியவராகிவிட்டார். நான் இல்லாத வெள்ளிக்கிழமை சவாரிக்குப் பிறகு யாரும் என்னைத் தேடியதாகத் தெரியவில்லை. அவர் ஒரு வாரம் வராவிட்டால் "பாய் எங்கே, பாய்க்கு உடம்பு சரியில்லையா" என்று பத்துப் பேர் கேட்டார்கள். பத்து என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. பத்துப் பேர்தான்.

பயணத்தை மூவரும் ரூம் மெஸ் போல நடத்தினோம். மூவருமே ஒருகாலத்தில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருந்தவர்கள். இன்றைக்கு யார் டர்னோ அவர் சமைக்க வேண்டும், டர்னை மாற்றிக்கொள்ளக் கூடாது, சமைத்ததைக் குறை சொல்லக் கூடாது. அதே சட்டம் இங்கும். தினமும் ஒருவர் பிக்அப்பை ஓட்டிக்கொண்டு முன்னால் போய், தண்ணீரும் சோறும் தயாராக வைத்திருக்க வேண்டும். மற்ற இருவர் சைக்கிளில் வர வேண்டும். ஒன்பது நாளில் ஆளுக்கு மூன்று நாள் பிக்அப், ஆறு நாள் சைக்கிள். டர்ன் பட்டியலை நான்தான் போட்டேன்.

மற்றவர்கள் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நான் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். மலையிலிருந்து இறங்கி, கடலைப் பார்த்துக்கொண்டே சலாலாவுக்குள் நுழைகிற நாள் அது. அந்த நாளில் பாய் பிக்அப்பில் இருக்கிற மாதிரி வரிசையை அமைத்தேன். முதல் டர்ன் நான், இரண்டாவது யாழ்ப்பாணத்துக்காரர், மூன்றாவது பாய். கேட்டால், வயதுப்படி பெரியவனாக முதல் சமையல் என்னுடையது என்று சொல்ல பதில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பாய் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கடைசி நாள் சாப்பாடு நம்ம கையில. மீன் போட்டுருவோம் அண்ணாச்சி" என்று சந்தோஷமாகச் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வழி நெடுக நேர்க்கோடு. வலப்பக்கம் மணல், இடப்பக்கம் மணல். முதல் பகுதியில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மின்கம்பம் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு கம்பங்களும் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு எண்ணுவதற்கு லாரிகள் மட்டுமே. எதிரே வந்த லாரிகளில் பத்தில் ஆறு ஹார்ன் அடித்துக் கை காட்டின. நானும் பாயும் சேர்ந்து ஓட்டிய நாட்களில் அந்தக் கைகள் எனக்கும்தான் அசைந்திருக்கும். ஆனால் பதிலுக்கு ஒரு கையை விட்டு, "யல்லா, யல்லா!" என்று கத்தியவர் அவர். நான் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தேன்.

ஹைமாவில் பெட்ரோல் பங்க் பக்கம் நின்றோம். ஓர் ஓமானிப் பெரியவர் காரிலிருந்து இறங்கி, நேராக பாயிடம் வந்து கையைப் பிடித்தார். இருவரும் அரபியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஒரு டப்பா பேரீச்சம்பழமும் பிளாஸ்க் நிறைய காவா என்கிற அரபிக் காபியும் கிடைத்தது. எனக்கும் ஒரு சின்னக் கோப்பை கொடுத்தார் பெரியவர். ஆனால் என்னைக் காட்டி பாயிடம்தான் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்காரு?" என்றேன்.

"இவர் உங்க வாத்தியாரான்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுட்டேன்" என்று பாய் சிரித்தார். "அடிக்காத வாத்தியாருன்னு சொன்னேன்."

யாழ்ப்பாணத்துக்காரர் தேநீர் குடிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். காவாக் கோப்பை எனக்கு இரண்டு, பாய்க்கு ஐந்து.

அவர் மதியத் தொழுகைக்கு நிற்கும்போதெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். பயணத்தில் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம் என்பதால் அடுத்த வேளையையும் சேர்த்தே முடித்துவிடுவார். பதினொரு நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை. அந்தப் பதினொரு நிமிடம்தான் என் முழங்கால்களுக்குக் கிடைத்த ஓய்வு. "நேரம் போகுதே பாய்" என்று வாயால் சொல்லிக்கொண்டு, சாலையோரக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் வந்தது. தும்ரைத் பக்கத்திலிருந்து சலாலாவுக்கு எழுபத்தெட்டு கிலோமீட்டர். காலையில் பாய் தன் சைக்கிளை பிக்அப்பில் ஏற்றிக் கட்டினார். நானும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஏறு பாதையில் மிதித்தோம். அன்று எனக்கு வலியே இல்லை. இன்று பாய் வண்டியில் வருகிறார், நான் சைக்கிளில் நுழைகிறேன் என்ற ஒரே நினைப்பில் ஐம்பத்தாறு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை.

மலை உச்சியில் தண்ணீர் குடிக்க நின்றோம். போனில் சிக்னல் திரும்ப வந்து, விடாமல் அதிர்ந்தது. குரூப்பில் ஒரு படம். நீலக் கடல், வரிசையாகத் தென்னை. நடுவில் பாய், தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஒரே வரி: "அல்ஹம்துலில்லாஹ், சலாலா சேர்ந்தாச்சு."

அதற்குக் கீழே நாற்பத்தொரு வாழ்த்து. "கலக்கிட்டீங்க பாய்." "இந்த வயசுல பாலைவனத்தத் தாண்டிட்டீங்களே." ஒருவர் கண்ணீர் வடிக்கும் பொம்மை முகம் ஆறு போட்டிருந்தார்.

ஒன்பது நாளையும் பின்னோக்கி எண்ணியவனுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. பிக்அப் முன்னால் போகும். பிக்அப்பில் போகிறவர்தான் முதலில் போய்ச் சேருவார்.

"அவர் அடுப்பு வைக்க இடம் வேணுமெண்டு சைக்கிளை இறக்கியிருப்பார். ஆரோ படம் எடுத்துக் குடுத்திருக்கினம்" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். அது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இறக்கம். வளைவுக்கு வளைவு பள்ளம் தெரிந்தது. நான் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். நான்காவது வளைவில் ஒரு லாரி பக்கத்தில் உரசுவது போலப் போனதும் இறங்கிவிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். கடல் எந்த வளைவில் தெரியத் தொடங்கியது என்று அன்று நான் பார்க்கவில்லை. சாலையின் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடற்கரையில் பாய் ஓடி வந்து என் சைக்கிளைப் பிடித்தார். இளநீர்க் கடைக்காரர், பக்கத்து ஹோட்டல்காரர், யாரென்றே தெரியாத இரண்டு மலையாளிகள் என அதற்குள் நான்கு நண்பர்கள் அவருக்கு. எல்லோரும் கை தட்டினார்கள். சோறு வெந்திருந்தது. நெய்மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நான் முகம்கூடக் கழுவவில்லை. ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். நோட்டைப் பார்த்து, ஒன்பது நாளுக்கும் எத்தனை கிலோமீட்டர், அன்றைக்கு பிக்அப் ஓட்டியது யார் என்று வரிசையாக எழுதினேன். ஒன்பதாவது வரி: "எழுபத்தெட்டு. பிக்அப்: பாய்." அதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை. அந்த ஒரு வரி போதும் என்று அனுப்பினேன்.

"என்ன அண்ணை, சாப்பாட்டை வச்சுக்கொண்டு என்னத்தை எழுதுறியள்?" என்றபடி யாழ்ப்பாணத்துக்காரர் தன் போனைப் பார்த்தார். முகம் மாறியது. "உங்களுக்கு என்ன விசரோ? அந்தாள் மூண்டு மணித்தியாலமா அடுப்படியில நிக்குது."

பாயும் படித்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. குழம்பைக் கிளறும் கரண்டிச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றதைக் கேட்டேன். பிறகு, "சரியாத்தான போட்டிருக்காரு. நான் வண்டியிலதான வந்தேன்" என்றார். கரண்டி மறுபடி சுற்றியது.

குரூப்பில் முதல் பதில் வர நான்கு நிமிடம். பிறகு ஷார்ஜாவில் இருக்கும் ஒரு பெண், கணக்குத் துறையில் இருப்பவள், எழுதினாள்: "அங்கிள், உங்க லிஸ்ட்ட கூட்டிப் பாத்தேன். பாய் அங்கிள் 586, இலங்கை அங்கிள் 564, நீங்க 548. மூணு பேரும் சூப்பர்!"

மறுபடி கூட்டினேன். இரண்டு முறை கூட்டினேன். நான் பிக்அப் ஓட்டிய மூன்று நாளும் நீளமான நாட்கள். பாய் ஓட்டியவை குட்டையான நாட்கள். கடைசி நாள் எல்லாவற்றிலும் குட்டை. ஆளுக்கு ஆறு நாள் என்பதோடு நான் நிறுத்திவிட்டேன். வாழ்நாளெல்லாம் கூட்டல் போட்டவன், இந்த ஒன்றைக் கூட்டிப் பார்க்காமல் நூற்று முப்பது பேருக்கு அனுப்பியிருந்தேன். வாழ்த்துகள் மறுபடி கிளம்பின. "அப்போ பாய்தான் ஃபர்ஸ்ட்டா!"

போனைக் கவிழ்த்து வைத்தேன். பாய் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. அது கிடக்கட்டும். அந்த இறக்கம் எப்படி இருந்துச்சு, அதச் சொல்லுங்க."

"நல்லா இருந்துச்சு."

"அவ்வளவுதானா? காலைல வண்டியில வரும்போது ஒவ்வொரு வளைவுலயும் உங்களத்தான் நினைச்சேன். எனக்கு ஒரே பொறாமை. மனுசன் இதுல சைக்கிள்ல இறங்குவாரே, நமக்கு இல்லாமப் போச்சேன்னு வயிறு எரிஞ்சுது."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். உப்புக் குறைவு என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பதினோரு மாதமாக எனக்குள் அதே எரிச்சல் இருந்தும் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. அந்தத் துணிச்சலும் அவருக்கே கிடைத்திருக்கிறதே என்று சோற்றைப் பிசைந்தேன்.

"அண்ணை நடந்தெல்லோ வந்தவர்" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர், தலை நிமிராமல்.

"நடந்தா?"

"மூணு கிலோமீட்டர்" என்றேன். வேறு வழியில்லை. "பயமா இருந்துச்சு பாய்."

பாய் கேலி செய்யவில்லை. என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். "அப்ப நாளைக்குத் திரும்பிப் போறப்ப உச்சியில வண்டிய நிறுத்துங்க. நான் ஒருதரம் இறங்கிப் பாத்துடுறேன். நீங்க பின்னால வாங்க."

டர்னை மாற்றக் கூடாது என்று வாய்வரை வந்தது. ஆனால் பட்டியலில் பத்தாம் நாள் இல்லை.

மறுநாள் காலை உச்சியில் அவரை இறக்கிவிட்டோம். பிக்அப்பைத் திருப்பி, நான் பின்னால் ஓட்டினேன்; யாழ்ப்பாணத்துக்காரர் பக்கத்தில் இருந்தார். பாய் முதல் வளைவில் ஒருமுறை பிரேக்கைத் தொட்டார். இரண்டாவதில் தொடவில்லை. சட்டை முதுகில் பை போல உப்பியது. ஓரிடத்தில் எழுந்து நின்று, கடலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அங்கேதான் கடல் தெரியத் தொடங்குகிறது; ஏழாவது வளைவு. அவருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று எனக்கு வியர்த்தது. இவ்வளவு அழகாக இறங்குகிறாரே என்றும் வியர்த்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

அடிவாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர், ஜன்னல் பக்கம் குனிந்தார். "நீங்க பாத்திருப்பீங்களே அண்ணாச்சி. எத்தனை நிமிஷம்?"

பார்த்திருந்தேன். என் கடிகாரம் அப்போதும் கையில்தான் இருந்தது.

"இருபத்தஞ்சு" என்றேன்.

"அட, அவ்வளவு ஆச்சா? அஞ்சு நிமிஷத்துல வந்த மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை ஏற்றப் போனார். யாழ்ப்பாணத்துக்காரர் கடிகாரத்தையும் என்னையும் பார்த்தார்.

இதை அவர் படிப்பார். யார் எதை எழுதினாலும் படிக்கிற ஆள்தான். பாய், அன்றைக்கு ஆனது பதினெட்டு நிமிடம்.