சூரியநெல்லியில் விசில் ஊதக் கூடாது

எழுபத்தெட்டாம் வருஷம், தை மாதத்துச் சனிக்கிழமை. காலை ஐந்தரை மணிக்குப் பெருமாட்டியில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். பையில் இரண்டு புடவை, ஒரு ஸ்வெட்டர், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, விசில். உள்ளூர்ப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர்.

கூப்பிட்டவள் எஸ்தர். பொள்ளாச்சி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது அவள் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஞாயிறுதோறும் ரக்பி ஆடுகிறார்கள், மைதானமும் பந்தும் கேட்டு மேனேஜரைப் பார்க்கப் போகிறோம், சர்ட்டிபிகேட் உள்ளவள் நீயும் வந்து பேசு என்று எழுதியிருந்தாள். ரக்பியா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

உடுமலையில் மூணாறு பஸ் பிடித்தேன். எண்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ. டிக்கெட் நாலு ரூபாய்ச் சில்லறை. கண்டக்டருக்கு என்னைப் பார்த்ததும் கவலை வந்துவிட்டது.

"ஏனுங்க, தனியாவா போறீங்க? மூணாறுல யாருங்க இருக்காங்க?"

"பந்து வெளையாடப் போறனுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரவே இல்லை.

சின்னாறு செக்போஸ்டில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். காவலர் என் விசிலை எடுத்து, "இது எந்தினா?" என்று மலையாளத்தில் எதற்கென்று கேட்டுவிட்டு ஓர் ஊது ஊதினார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கீழே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவர, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறையூர் தாண்டியதும் குளிர். மூணாற்றில் மதியச் சோறு தின்றுவிட்டு இன்னொரு பஸ்ஸில் ஏறி, பொழுது சாய்கிற நேரத்துக்குச் சூரியநெல்லி போய்ச் சேர்ந்தேன். எஸ்தர் ரோட்டில் நின்றாள். "ஏட்டி, குளிருல வெறைச்சுப் போயிட்டியே!" என்று தன் சால்வையை எடுத்து என்மேல் போட்டாள்.

ஞாயிறு மதியம் மைதானத்துக்குப் போனோம். வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பு நடத்திய காலத்தில் அவர்கள் ரக்பி ஆடிய இடம் அது. சுற்றிலும் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டே பார்த்துப் பார்த்து இந்தப் பெண்கள் ஆட்டத்தைக் கற்றிருக்கிறார்கள். துரைமார் போனபின் ஸ்டோரில் கிடந்த தோல் பந்தை எஸ்தர் கேட்டு வாங்கினாள். உள்ளே இருந்த பிளாடர் எப்போதோ கிழிந்துவிட்டது. எஸ்டேட் கொடுக்கிற கம்பளியைக் கிழித்து அடைத்துத் தைத்திருந்தார்கள். அதற்கு முட்டைப் பந்து என்று பெயர். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி இடுப்பைப் பிடித்து விழத்தட்டுவாள், பின்னால் வருகிறவளுக்குத்தான் எறியலாம். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் குலவை இடுவார்கள்.

புடவையைத் தூக்கிச் செருகி, பறிக்கும்போது கட்டுகிற சாக்கை அதன்மேல் கட்டியிருந்தார்கள். என்ன ஓட்டம்! என் பள்ளிப் பிள்ளைகளிடம் அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒருத்தி இன்னொருத்தியைக் கழுத்தோடு பிடித்து இழுத்தாள். அது தப்பு. பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து ஊதினேன்.

அத்தனை பேரும் நின்றார்கள். பந்து கீழே விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தலை குனிந்து, ஓரமாகப் போய் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் முதுகுக்குக் கை கொண்டுபோய் இல்லாத கூடையைத் தேடினார்கள். கங்காணி விசில் ஊதினால் கொழுந்தை நிறுக்கப் போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் உடம்பு அதை மறக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அவர்களே சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி உடம்பில் ஊறப் பழக்கி வைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தை எடுத்துக்கொண்டு ஒருத்தி என்னிடம் வந்தாள். பேச்சியம்மா. "விசிலு மட்டும் வேண்டாம் டீச்சர். தப்புன்னா கையைத் தட்டுங்க, நின்னுக்கிடுதோம்" என்றாள்.

அவளைப் பற்றி எஸ்தர் முந்தின நாளே சொல்லியிருந்தாள். போன மழையில் ரோடு சரிந்து மூணாற்றுக்குக் கொண்டுபோக வழியில்லாதபோது, காய்ச்சலில் அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் அழவில்லை, தூங்கவில்லை, பேசவில்லை. பள்ளத்து ஓரமாகப் போய்ப் போய் நிற்பாள். வீட்டார் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி மாத்திரை கொடுத்தது. எஸ்தர்தான் ஒரு ஞாயிறு கையைப் பிடித்து இழுத்துவந்து ஆட்டத்தில் விட்டாள். யாரோ இடுப்பைப் பிடித்து விழத்தட்டிய அன்று, விழுந்த இடத்திலேயே பேச்சியம்மா வாய்விட்டு அழுதாளாம். எல்லோரும் ஆட்டத்தை விட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்களாம்.

"மாத்திர தின்னா ஒறக்கம் வரும் டீச்சர். விடிஞ்சா எந்திரிக்கப் பிடிக்காது" என்றாள் என்னிடம். "இத வெளாண்டா ஒறக்கமும் வருது, எந்திரிக்கவும் தோணுது."

மாலை ஐந்து மணிக்கு மேனேஜர் பங்களா. துரைமார் போனாலும் அவர்களுடைய நாற்காலி போகவில்லை. உட்கார்ந்திருப்பவர் சென்னைக்காரர், அவ்வளவுதான். எஸ்தரையும் என்னையும் வராந்தாவில் உட்காரச் சொன்னார். பேச்சியம்மா படிக்குக் கீழே நின்றாள். அவளையும் மேலே கூப்பிடலாமே என்றேன். அவர் காதில் விழவில்லை.

தொழிலாளர் நல நிதியில் ஆண்களின் புட்பால் டீமுக்கு ஜெர்ஸி, பூட்ஸ், வெளியூர்ப் போட்டிக்கு லாரி எல்லாம் உண்டு. பெண்களுக்கு வருஷத்தில் ஒருநாள் ஸ்பூனில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடும் பந்தயம். ஜெயித்தால் எவர்சில்வர் டம்ளர். இதைச் சொல்லிவிட்டு, இந்த ஆட்டத்தால் மனசு தேறியவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

"மனசுக்குத்தான் ஆஸ்பத்திரி இருக்கே டீச்சர்" என்று சிரித்தார். பிறகு, "பணம் ஒண்ணும் பெரிய விஷயமில்ல. பந்து வாங்கித் தர்றேன், கிரவுண்டும் தர்றேன். கங்காணி பொறுப்புல நடக்கணும். அவர் விசில் ஊதி ஆரம்பிச்சு, விசில் ஊதி முடிக்கணும். அந்த வாரம் கொழுந்து கொறஞ்சவங்களைச் சேர்க்கக் கூடாது" என்றார்.

"புட்பால் ஆடுற ஆம்பளைங்களுக்கு இந்தச் சட்டம் உண்டா?"

"அது டீம். இது பொழுதுபோக்கு."

என் காது சூடாகிவிட்டது. கொழுந்து யாருக்குக் குறையும்? தூங்காதவளுக்குக் குறையும். குழந்தையைப் பறிகொடுத்தவளுக்குக் குறையும். யாருக்கு ஆட்டம் மருந்தோ அவளைத்தான் வெளியே நிறுத்தச் சொல்கிறார் இந்தப் புண்ணியவான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் கீழேயிருந்து பேச்சியம்மா பேசினாள். "அப்பிடின்னா வேண்டாம் தொரை. ஆறு நாளு விசிலுக்கு நிக்கோம். ஏழாம் நாளும் நிக்க முடியாது."

"அப்போ கிரவுண்டும் இல்ல" என்று அவர் எழுந்து உள்ளே போனார்.

திங்கள் விடிந்ததும் பஸ்ஸுக்கு நடந்தோம். மைதானத்துக் கதவில் வாட்ச்மேன் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், எங்களைப் பார்க்காமல். வேலைக்குப் போகிற வரிசையிலிருந்து விலகிப் பேச்சியம்மா வந்தாள். கூடையில் கம்பளிக்கு அடியில் பந்து இருந்தது.

"இனி எங்கே ஆடுவீங்க?" என்று கேட்டேன்.

"லயத்து வீடுகளுக்குப் பின்னால சரிவு கெடக்குல்லா. பந்து உருண்டா ஆத்துக்குத்தான் போவும். எறங்கி எடுக்கணும்." கூடையைச் சரிசெய்துகொண்டு, "பள்ளத்துப் பக்கமா நான் போனா, இனி பந்து எடுக்கத்தான் போவேன் டீச்சர். பயப்படாதிய" என்றாள்.

எங்கோ மேலே விசில் கேட்டது. அவள் ஓடினாள்.

பொள்ளாச்சியில் விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டேன். "முட்டையாட்டம் பந்துங்களா? அப்படி ஒண்ணு வர்றதில்லீங்களே" என்றார் கடைக்காரர். மலை முழுக்க இறங்கியும் கோபம் இறங்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை, எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு பி.டி. பீரியட். தென்னந்தோப்பு நிழலில் நான் போகுமுன்பே வரிசையாக, தலை குனிந்து நின்றார்கள். நான் இன்னும் விசிலைத் தொடவே இல்லை.

"ஓடுங்கடி" என்றேன்.

யாரும் அசையவில்லை. முதல் வரிசையில் நின்ற ஒருத்தி மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பள்ளிக்கூடம் வாங்கிக்கொடுத்த பந்தை வைத்துக்கொண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கீங்க டீச்சர் ஓடறது?" என்று கேட்டாள்.

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, ஹெட்மாஸ்டர் அறைக்கு நடந்தேன்.