வாலில் பாரம் வைத்த குதிரை

துறைமுக அடையாள அட்டையில் அவர் ‘கனரகப் பளுதூக்கி இயக்குநர்’. கப்பல் சரக்கையே அலுங்காமல் இறக்குகிற அந்த இயக்குநரால் மகளுக்காகச் செய்த ஒரு சாண் குதிரையை நிற்க வைக்க முடியவில்லை.

கம்பியில் எலும்பு, பஞ்சில் சதை, பழைய காலுறையில் தோல். கால், கழுத்து எல்லாம் சொன்னபடி மடங்கின. மகளின் பொம்மையை முதுகில் ஏற்றினால் மட்டும் குதிரை குப்புற விழுந்தது. சாயங்காலம் தோழி வீட்டுக்குப் பொம்மை குதிரையில்தான் வரும் என்று மகள் ஏற்கெனவே தம்பட்டம் அடித்திருந்தாள்.

கிரேன்காரர் புத்தி வேறெங்கே போகும்? முன்னால் பளு என்றால் பின்னால் எதிர்ப்பளு. வால் பக்கம் நான்கு இரும்பு நட்டுகளைத் திணித்துத் தைத்தார். குதிரை பின்னங்கால்களை மடக்கிக் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டது.

“அப்பா, குதிரை சோபால உக்கார்ற மாதிரி உக்காருதுப்பா!”

“அப்படியே உங்கப்பாதான். அதுக்கும் ஒரு டீ போடவா?” என்றாள் மனைவி.

“சிரிக்காதே. இது தலை போற காரியம்.”

“தலை போகலைங்க, வால்தான் இழுக்குது.”

குதிரையின் வேலை பளுவைத் தூக்குவதல்ல, தாங்குவது என்று அவருக்கு உறைக்க மத்தியானம் ஆயிற்று. தையலைப் பிரித்தார். நட்டுகளை எடுத்து, குளம்புக்கு ஒன்றாக உள்ளே வைத்துத் தைத்தார். பொம்மையை ஏற்றினார்; குதிரை நான்கு காலில் நின்றது. அதை அப்படியே மகள் கையில் கொடுத்தார்.