ஐசிங் வகுப்பும் நடுவில் விழுந்த பள்ளமும்

அது வெசாக் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை. பிந்திய சனி என்று எங்களில் ஒருத்தி இன்றைக்கும் சாதிப்பாள். ஆனால் அன்று கொழும்பின் காலி வீதியில் வெசாக் விளக்குக் கூடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், கழற்றவில்லை. ஆகவே முந்திய சனிதான்.

பெண்களை விரும்பும் இளம் பெண்கள் மாதம் ஒருமுறை வெள்ளவத்தையில் என் வீட்டில் கூடுவார்கள். கூட்டம் நடத்தவும், அதிகாரிகள் முன் தயங்காமல் பேசவும் பழகும் இடம் அது. ஒவ்வொரு மாதமும் ஒருத்தி தலைவி. வயதில் மூத்த எனக்கு வழிகாட்டி என்று பெயர். ஆனால் தலைவி கேட்டாலொழிய நான் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியை எழுதியவள் நான்தான். வீடுகளில் எல்லோரும் சொல்லிவைத்திருந்தது கேக் ஐசிங் வகுப்பு என்று. கேக் செய்யத் தெரிந்தவர் எங்களில் ஒருவருமில்லை.

அன்றைய தலைவி கொட்டாஞ்சேனைப் பெண், கைத்தொலைபேசிக் கடையில் வேலை. தலைவியாக அவளுக்கு அது முதல் கூட்டம். அவள் தொடங்குவதற்குள் எங்களில் மிக இளையவள் கண் கலங்கி வந்து நின்றாள்.

"நாளைக்கு அப்பான்ர பிறந்தநாள். கடையில ஓடர் குடுக்க வேண்டாம், வகுப்பில செய்து கொண்டுவா எண்டு அம்மா சொல்லிப்போட்டா. வெறுங்கையோட போனா இனி ஒரு சனிக்கிழமையும் விடமாட்டா."

நான் பொறுக்கவில்லை. "பேக்கரியில ஒண்டு வாங்குவம்."

"அக்கா, உங்கள யாரும் கேக்கல்ல" என்றாள் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள், அழுதவள் உட்பட.

பிறகு தலைவி அவளிடம் கேட்டாள்: "கடைக் கேக்குன்னா அம்மா கண்டுபிடிப்பாங்களா?"

"வாசத்திலயே சொல்லுவா."

"அப்ப நாமளே செய்வோம். கூட்டம் இன்னைக்கு குசினியில."

ஒருத்தி கைத்தொலைபேசியில் செய்முறையைத் தேடினாள், இன்னொருத்தி முட்டை வாங்க ஓடினாள். தலைவி மரக்கரண்டியை உயர்த்திப் பிடித்தாள். "கரண்டி யார் கையில இருக்கோ அவ மட்டும்தான் பேசணும். மத்தவங்க குறுக்க பேசக் கூடாது. அக்கா, உங்களுக்கும்தான்."

பட்டரும் சீனியும் அடித்தபடி ஒருத்தி, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கப் போனால் எப்படித் தொடங்குவாள் என்று பேசிக் காட்டினாள். இன்னொருத்தி கரண்டியை ஆட்டி மாவை என் சுவரில் தெளித்தாள். பேச்சு நன்றாக இருந்ததால் யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் கரண்டி இளையவளிடம் வந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை வழித்து நடுவுக்குத் தள்ளினாள்.

"வீட்டில பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்" என்றாள்.

எனக்கு நாக்கு நுனியில் பத்து ஆறுதல் வார்த்தைகள். அடக்கிக்கொண்டேன்.

தலைவி கரண்டியை வாங்கிக்கொண்டாள். "எப்ப சொல்றது, யார்ட்ட சொல்றதுன்னு நீதான் முடிவெடுக்கணும். சொல்லாமலே இருந்தாலும் நீ கோழை இல்ல. சொல்றன்னைக்கு நாங்க பக்கத்துல இருப்போம். இன்னைக்கு இந்தக் கேக்கை முடிப்போம், வா."

ஓவனிலிருந்து வந்த கேக் நடுவில் அமிழ்ந்திருந்தது. பள்ளத்தை ஐசிங்கால் நிரப்பினோம். அதன்மேல் 'அப்பா' என்று எழுதினாள் இளையவள்; எழுத்துகள் மெல்லச் சரிந்து ஓரத்துக்கு வந்தன. அப்படியே பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு மாலை தொலைபேசி அடித்தது.

"ஐசிங் ரீச்சரோ? நான் பிள்ளையின்ர அம்மா. அந்தக் கேக்கைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்" என்றேன்.

"சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால வெட்டினா உள்ள கிணறு! இவர் மட்டும் நல்லாயிருக்கு எண்டு ரெண்டு துண்டு சாப்பிட்டார். ரீச்சர், குறை நினைக்காதேங்கோ, மாதம் ஒருக்கா இவளுக்குக் காணாது. கிழமைக்கு ஒருக்கா வைக்க ஏலாதோ?"

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். உடனே தலைவிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வைப்போம்க்கா. கேக்கு மட்டும் நல்லா வந்துரக் கூடாது."