ஷரஃபுதீன் தலையில் சுமந்த இரும்புப் பெட்டி

ராயப்பேட்டை ஷரஃபுதீனுக்குப் பதினேழு வயதிலிருந்து வண்டிதான் பிழைப்பு. லாரி, டாக்ஸி, கல்யாண வேன் எல்லாம் ஓட்டிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு தர்ம ஸ்தாபனத்தின் டீசல் வேனுக்கு டிரைவராக வந்து சேர்ந்தார். சிறுநீரகம் கெட்டுப்போன மூன்று பேரை வாரம் இரண்டு தடவை விடியற்காலையில் வீடு வீடாக ஏற்றி, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். கே.கே. நகரில் ரேஷன் கடை ஜெயபாரதி, தி. நகரில் பாட்டு டீச்சர் சூடாமணி, மயிலாப்பூரில் ரிடையரான பௌதிக வாத்தியார் ஸ்ரீரங்கன்.

"லாரியில லேட்டானா மொதலாளி கத்துவான். இதுல லேட்டானா யாரும் கத்த மாட்டாங்க. அதான் பயமா கீது" என்பார் மனைவி ஷகீலாவிடம்.

தொண்ணூற்று நாலில் ஒருநாள் பனகல் பார்க் பக்கம் வேன் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பேட்டரி செத்திருந்தது. தள்ள ஆள் தேடி அவர் அங்குமிங்கும் பார்ப்பதற்குள், பின்னாலிருந்து வண்டி அசைந்தது. கண்ணாடியில் பார்த்தார். மூன்று பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சூடாமணியின் இடது கை, ஊசி ஏற்றுவதற்காக டாக்டர்கள் ரத்தக்குழாயை இணைத்துத் தடிக்க வைத்த கை. அதில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அந்தக் கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது தோளை வேனுக்குக் கொடுத்து அந்த அம்மாள் தள்ளினார்.

ஸ்தாபனத்தார் மறுநாளே புது பேட்டரி மாட்டிக் கொடுத்தார்கள். ஷரஃபுதீனுக்கு மனசு ஆறவில்லை. புதுசும் ஒருநாள் பழசாகும், ஒரு ராத்திரி விளக்கை அணைக்க மறந்தாலும் சாகும். நோயாளிகள் இனி ஒருதரம் அந்த வண்டியைத் தள்ளக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு, ஜி.பி. ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருந்த அன்வர் பாஷாவிடம் போனார். வண்டியோடு தூக்கிப் போகிற மாதிரி, செத்த பேட்டரியை எழுப்பிவிடும் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அன்வர் பாஷா துபாயிலிருந்து வந்த ஒன்றை எடுத்து வைத்தார். மஞ்சள் நிறம், டார்ச் விளக்கு, சைரன் எல்லாம் இருந்தது. ஷரஃபுதீன் தூக்கிப் பார்த்தார். டிபன் கேரியர் கனம்கூட இல்லை. ஒயரும் டேபிள் ஃபேன் ஒயர் போல ஒல்லியாக இருந்தது.

"இது பெட்ரோல் காருக்கு சரி பாய்" என்றார் அன்வர் பாஷா. "உன்னுது டீசல், எழுப்ப நெறைய பவர் வேணும். இத்த வச்சிக்கினு நீ டார்ச் அடிக்கலாம், வண்டி கெளம்பாது."

"அப்போ வேற இன்னாதான் கீது?"

"ஒரு வாரம் டைம் குடு."

ஒரு வாரம் கழித்துப் போனபோது மேஜைமேல் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. கரன்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்குகிற பேட்டரி உள்ளே. கவிழ்த்தாலும் ஆசிட் சிந்தாது. கட்டைவிரல் தடிமனில் இரண்டு ஒயர்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நுனியில் முதலை வாய் போல் செம்புக் கவ்விகள்.

ஷரஃபுதீன் லேசில் நம்புகிறவர் இல்லை. வேனில் அந்தக் கடையிலிருந்த செத்த பேட்டரி ஒன்றை மாட்டச் சொன்னார். சிவப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் கவ்வ வைத்தார் அன்வர் பாஷா. கறுப்பை பேட்டரிக்குக் கொண்டுபோகாமல் தள்ளி, இன்ஜின் இரும்பில் மாட்டினார். "பேட்டரிலேர்ந்து கேஸ் வரும். பக்கத்துல பொறி பறந்துச்சுன்னா மூஞ்சி போயிடும்."

சாவியைத் திருப்பியதும் அத்தனை பெரிய இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி எழுந்து ஓடத் தொடங்கியது. ஷரஃபுதீன் கீழே இறங்கி அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடுகூட இல்லை. முப்பது வருஷம் வண்டியோடு கிடந்தவர், வாயைத் திறந்தபடி நின்றார்.

"மூணு தடவை எழுப்பும். அதுக்கு மேல கேக்காதே" என்றார் அன்வர் பாஷா. "அஞ்சு செகண்டுக்கு மேல சாவியப் புடிக்காதே. மாசா மாசம் சார்ஜ் போடு, வண்டி நிக்காட்டியும் போடு."

ஷரஃபுதீன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போட்டார்.

தொண்ணூற்றாறு ஜூன் மாதம், கோடை காலத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. ஊரே மிதந்தது. முதல் நாள் டயாலிசிஸுக்கு யாராலும் போக முடியவில்லை. மறுநாள் காலை ஏற்றும்போதே மூன்று பேருக்கும் முகம் வீங்கியிருந்தது; ஸ்ரீரங்கன் இரண்டு படி ஏறுவதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினார். கோட்டூர்புரம் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. விளக்கும் வைப்பரும் ஓட ஒரு மணி நேரம் நின்றதில், வேனின் பேட்டரி இறங்கிவிட்டது. ஷரஃபுதீன் கவ்விகளைத் துண்டால் துடைத்து மாட்டினார். முதல் திருப்பலிலேயே இன்ஜின் எழுந்தது.

அப்போதுதான் ஓர் ஆள் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தான். ஒரு நர்சிங் ஹோம் ஆம்புலன்ஸின் டிரைவர். முன்னால் நாற்பது வண்டி தள்ளி அது நின்றுபோயிருந்தது.

"உள்ள பிரசவ கேஸுண்ணே. கொழந்த கொடி சுத்திக்கினு கீதாம். ஆளு தேடிக்கினு வரப்போ நீங்க ஸ்டார்ட் பண்ணத பாத்தேன்."

வேனை அங்கே கொண்டுபோக வழியில்லை. பெட்டியைத்தான் தூக்கிப் போக வேண்டும். போன நேரத்தில் வேன் நின்றுவிட்டால் இந்த மூன்று பேர் கதி? ஷரஃபுதீன் திரும்பிப் பார்த்தார்.

"என்ன யோசனை?" என்றார் சூடாமணி. "எங்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. அந்தக் குழந்தைக்கு இல்லை. ஓடுங்கோ."

"இன்ஜின் நின்னுட்டா, சார்?"

ஸ்ரீரங்கன் சீட்டைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து டிரைவர் இடத்தில் உட்கார்ந்தார். ஆயுசில் வண்டி ஓட்டியறியாதவர். "எதை மிதிச்சிண்டு இருக்கணும்? காட்டும்" என்றார். ஷரஃபுதீன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைக் காட்டினார். வீங்கிய பாதம் அதன்மேல் மெதுவாக அமர்ந்தது. ஜெயபாரதி பின்னாலிருந்து குடையை நீட்டினார். ஷரஃபுதீனுக்கு அல்ல, பெட்டிக்கு.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து வந்த முனகல் மழையை மீறிக் கேட்டது. கவ்விகளை மாட்டிச் சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் முக்கிவிட்டு அடங்கிப் போனது. இனி ஒரு தடவைதான். அவசரப்படாமல், குடையால் மழையை மறைத்துக்கொண்டு, பேட்டரியின் பிளஸ்ஸில் பூத்திருந்த பச்சைக் களிம்பை வீட்டுச் சாவியால் சுரண்டி எடுத்தார். பெட்டிக்குக் கொஞ்சம் தெம்பு திரும்பட்டும் என்று இரண்டு நிமிஷம் காத்திருந்தார். பிஸ்மில்லா சொல்லி, "இப்போ திருப்பு" என்றார்.

இன்ஜின் இருமியது. இன்னொரு இருமல். பிறகு உறுமிப் பிடித்துக்கொண்டது.

சுற்றியிருந்த வண்டிகளிலிருந்து ஜனங்கள் தண்ணீரில் குதித்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பட்டுப் புடவைக்காரி, போலீஸ்காரர், கூடைக்காரம்மா என்று ஐம்பது பேர் சேர்ந்து ஆட்டோக்களைத் தூக்கி ஓரம் வைத்தார்கள், கார்களை நகர்த்தினார்கள். அத்தனை அடைசலில் ஒரு பாதை திறந்தது. ஆம்புலன்ஸ் அதன் வழியே போய் மறைந்தது. பிறந்தது ஆணா பெண்ணா, பிழைத்ததா என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

திரும்பி வந்தபோது வேன் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் ஸ்ரீரங்கன் காலை எடுக்கவே இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஷரஃபுதீனும் ஜெயபாரதியுமாகச் சேர்ந்துதான் அவரைப் பின் சீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியை எட்டியபோது மணி பதினொன்று. ஷரஃபுதீன் எப்போதும் வாசலோடு நின்றுவிடுவார். ரத்தம் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். அன்று ஸ்ரீரங்கனைத் தாங்கிக்கொண்டு உள்ளேயே போனார். நர்ஸ் ஊசி ஏற்றினாள். மனுஷனின் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினைச் சுற்றி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போனது. ஷரஃபுதீனுக்குத் தலை சுற்றவில்லை. ஈரத் துணியோடு சுவரோரமாக நின்று, நாலு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கனின் உதட்டில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

கண் விழித்ததும் ஸ்ரீரங்கன் கேட்ட முதல் கேள்வி, "நீர் சாப்ட்டீரா?"