ஆலாக்கள் வந்த காலை

யுத்த காலத்தில் திருகோணமலைக் கடற்கரையில் தனியாக இருந்தேன். படிப்பித்து ஓய்வு பெற்றபின், கதைக்க ஆளில்லாததையே பாக்கியமாக நினைத்திருந்தேன். வாடை தொடங்கினால் கடல் என் வேலிவரை வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குசினி அடுப்புவரை மணல். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். ஊர் எரிந்தபோது பறவை பார்த்துக்கொண்டிருந்தவள் என்று யாராவது என்னைத் திட்டினால் ஏற்றுக்கொள்வேன்.

அது ஒரு ஐப்பசிக் காலை. அந்த வருடத்தின் முதல் ஆலாக்கள் வந்து, வெள்ளை வெள்ளையாக மணலில் இறங்கியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று ஏதோ சொன்னாள். நான் பறவைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஓம்” என்றேன். இன்னும் ஏதோ சொன்னாள். “ஓம், ஓம்.”

எங்களுக்குச் சம்மதத்துக்கும் ஓம்தான், கதை கேட்கிறோம் என்று காட்டவும் ஓம்தான். நான் இரண்டும் இல்லாமல் சொன்னேன். அவள் நம்பி, அன்புவழிபுரத்துத் தமக்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய புருஷன் படகுக்கான மண்ணெண்ணெய் கானோடு வந்தார்.

“என்ன ரீச்சர், அப்பிடிப் பாக்கிறியள்?”

“ஆலா வந்திட்டுது!” என்று காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே படகைத் தள்ளிக்கொண்டு போனார்.

பின்னேரம் திரும்பி வந்தவள், படகு நின்ற இடம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டு அலறினாள்.

“கடலுக்குப் போகக்கூடாதெண்டு அறிவிச்சிருக்கு, அவர் வந்தால் சொல்லுங்கோ எண்டு காலமை சொன்னனான்தானே! நீங்கள் சொல்லேல்லையோ ரீச்சர்?”

“சொன்னனான்” என்றேன். எப்படித்தான் அந்தப் பொய் வாயில் வந்ததோ.

அவரைக் கடலில் வைத்துக் கடற்படைக்காரர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நாலு மாதம் கழித்து விட்டபோது வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. வலை இழுக்க ஏலாது. நான் பார்க்கப் போனேன். என் முன்னாலேயே அவள் அவர்மீது பாய்ந்தாள்.

“ரீச்சர் படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்காமல் போனியள்!”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

“என்ரை பிழைதான்” என்றார்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் கண்ணை மூடும்வரை அவள் அதைச் சொல்லிச் சொல்லியே அவரைத் திட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.