யோகன்ர அறைக்கு நிறம் பாத்த கதை

வெள்ளவத்தையில எங்கட லேனில ஆர் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறதெண்டாலும் சிறி அண்ணையைக் கேக்காமல் தகரம் திறக்கமாட்டினம். முழுப்பேர் ஸ்ரீஸ்கந்தராசா. இன்சூரன்ஸ் கந்தோர் ஒண்டில கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவர். எங்கையோ ஒரு இங்கிலீஷ் மகசீனில, அறையின்ர நிறம் அதுக்குள்ள இருக்கிற ஆளின்ர மனதை மாத்துமெண்டு வாசிச்சுப்போட்டார். அண்டையில இருந்து மனிசனுக்கு அதுதான் வேதம். சண்டை பிடிக்கிற புருசன் பெண்சாதிக்கு இளம்பச்சை, படிக்காத பிள்ளைக்கு மஞ்சள். சிவப்பை மட்டும் ஒருத்தரையும் கிட்டப் போக விடார்.

நான் கீழ் வீட்டு நாகேஸ்வரி. சிறி அண்ணை குடும்பம் எங்களுக்கு நேர மேல் மாடி. என்ர குசினிக்குச் செம்மஞ்சள் அடிக்க எனக்குச் சரியான ஆசை. மனிசன் படியால இறங்கி ஓடி வந்தார். "நாகேஸ், உனக்கு ஏற்கெனவே வாய் கூட. செம்மஞ்சளும் அடிச்சியெண்டால் உன்ர புருசன் சாப்பிடாமல் கந்தோருக்குப் போவான்" எண்டார். என்ர மனிசனும் வெக்கமில்லாமல் தலையாட்டினார். கடைசியில வெளிறின பச்சைதான் அடிச்சது. என்ர வாய் குறையேல்லை, அது வேற கதை.

அப்பிடிப் பகிடியா இருந்த மனிசன்தான். அவற்ற பெண்சாதி பாலேஸ்வரி, நான் பாலேஸ் அக்கா எண்டு கூப்பிடுறனான், மெல்லிய குரலில ஓயாமல் கதைச்சுக்கொண்டிருப்பா. ஒரே பிள்ளை யோகநாதன். தகப்பன் கட்டை, மொட்டை. பிள்ளை நெடுவல், தலை நிறைய மயிர். "உந்த நெடுவலை எங்கையிருந்து அண்ணை எடுத்தனீங்கள்?" எண்டு நான் கேக்க, "தாயின்ர எண்ணெய் வளர்த்த மரம்" எண்டு சிரிப்பார். பாலேஸ் அக்காவுக்குச் சனிக்கிழமையெண்டால் எண்ணெய் முழுக்குத்தான். இருபத்தாறு வயதுப் பெடியனை இருத்தி வைச்சு, நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, உச்சியில ஊத்தித் தேய்ப்பா. பிறகு அது ஊறுமட்டும் அவன் தன்ர கட்டிலில இருந்து, சுவரில தலையைச் சாய்ச்சுக்கொண்டு பேப்பர் பாப்பான். அந்த இடத்தில சுவரில ஒரு கறை. "சுவரைப் பாழாக்கிறாய்" எண்டு தகப்பன் கத்துவார்.

2007ஆம் ஆண்டு, அப்பிடியொரு சனிக்கிழமை காலமைதான் வந்தவங்கள். அந்த நாளில தமிழ்ப் பெடியளை ஏத்திக்கொண்டு போற வெள்ளை வான் கீழ நிண்டதை நானும் கண்டனான். வந்தவங்கள் மரியாதையாத்தான் கதைச்சவங்களாம். "விசாரிச்சுப்போட்டு விடுறம் அம்மா." பாலேஸ் அக்கா கெஞ்சினது படி வரைக்கும் கேட்டது. "ஐயா, தலையில எண்ணெய். எண்ணெய்த் தலையோட பிள்ளையை வெளியில அனுப்பக் கூடாது. முழுகிப்போட்டு வரட்டும், அஞ்சு நிமிசம்." அதில ஒருத்தன் நல்ல தமிழில சொன்னான்: "வந்து முழுகலாம் அம்மா."

அவன் வரேல்லை.

சிறி அண்ணை ஏறாத படியில்லை. பொலிஸ், மனித உரிமைக் கந்தோர், செஞ்சிலுவை, எம்.பீமார் வீடு. எல்லா வாசலிலையும் நிண்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "என்ர பிள்ளையை எங்கை வைச்சிருக்கிறியள்?" ஒருத்தரும் தெரியுமெண்டும் சொல்லேல்லை, தெரியாதெண்டும் சொல்லேல்லை. பாலேஸ் அக்கா அண்டையில இருந்து வாயே திறக்கேல்லை. யோகன்ர அறையில, கட்டிலுக்கு முன்னால நிலத்தில இருந்து அந்தக் கறையையே பாத்துக்கொண்டிருப்பா. சாப்பாட்டை அங்க வைச்சால் ரெண்டு வாய் சாப்பிடுவா. வெளியில கூட்டிக்கொண்டு வந்தால் அதுவுமில்லை. இப்பிடியே விட்டால் ஆள் தப்பாது எண்டு டொக்டர் முகத்துக்கு நேர சொல்லிப்போட்டார்.

பிள்ளையை மீட்க ஏலாத மனிசன், பெண்சாதியை மீட்கத் தனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியத்தைக் கையில எடுத்தார். "நாகேஸ், அந்தக் கறைதான் அவளைப் பிடிச்சு வைச்சிருக்கு. அறைக்கு நிறம் மாத்தினால் வாய் திறப்பாள்." எனக்கு அழுகை வந்தது, கோவமும் வந்தது. ஆனால் நானும் ஓமெண்டுதான் சொன்னன். வேற என்ன சொல்ல?

முதல் இளநீலம். அடிக்க வந்தது கொட்டாஞ்சேனைச் சிறில், எங்கட லேனுக்கு வழக்கமா வாற பெயின்ற் பாஸ். செக்பொயின்ரில தகரத்தைத் திறக்கச் சொல்லி, தடி விட்டுக் கலக்கிப் பாத்துத்தான் விட்டவங்களாம். வடிவாத்தான் அடிச்சான். அறை வானம் வெளிச்ச மாதிரி இருந்தது. பாலேஸ் அக்கா திரும்பவும் அதே இடத்தில போய் இருந்தா. அடுத்த கிழமை நீலத்துக்குள்ளால கறை வந்திட்டுது.

"இது ஒண்டும் புதினமில்லை அன்ரி" எண்டான் சிறில். "எண்ணெய்க் கறை பெயின்ருக்கு அடங்காது. சுரண்டி, வார்னிஷ் அடிச்சு அடைச்சுப்போட்டு மேல அடிக்கோணும். பிழை என்ரதான்." சரியெண்டு சுரண்டி, வார்னிஷ் அடிச்சு, காய விட்டு, மேல மஞ்சள் அடிச்சான். மஞ்சள் மனதைத் திறக்குமெண்டது சிறி அண்ணையின்ர கணக்கு. கறை திரும்பவும் வந்தது. இந்த முறை சிறில் பகிடி விடேல்லை. அந்த இடத்துச் சாந்தையே கொத்தி எடுத்துப்போட்டுப் புதுச் சீமெந்து பூசினான். அதுக்கு மேல வெளிறின றோஸ். பழைய சுவரே அங்க இல்லை, பிறகெங்கால வாறது எண்டு நான்கூட நிம்மதியா இருந்தன்.

சனிக்கிழமை காலமை சிறி அண்ணை என்னைக் கூப்பிட்டார். போய்ப் பாத்தன். றோஸ் நிறத்துக்கு நடுவில, அதே உயரத்தில, ஒரு தலையளவு வட்டம். கிட்டப் போக நல்லெண்ணெய் மணந்தது. நான் பயந்தவளில்லை, எண்பத்து மூண்டுக் கலவரத்தில கூரைக்கு மேல ஒளிச்சிருந்து தப்பினவள். விரலை வைச்சன். ஈரம். அதைவிட, இளஞ்சூடு. ஐயோ முருகா எண்டு கையை இழுத்துச் சீலையில துடைச்சன். பாலேஸ் அக்கா நிலத்தில இருந்து என்னைப் பாத்தா. ஆரும் தன்ர பிள்ளையைத் தொட்டால் தாய் பாக்கிற பார்வை அது.

"அன்ரி, குறை நினையாதேங்கோ" எண்டு, கறையைப் பாக்கக் கூப்பிட்ட சிறில் வாசலில நிண்டே சிலுவை போட்டான். "நான் இனி வரமாட்டன். ஃபாதரைக் கூப்பிட்டு ஜெபிச்சுவிடச் சொல்லுங்கோ." சைவ வீட்டுக்கு ஃபாதரோ எண்டு நான் அவனை ஏசினன். ஏசினது பயத்தில.

சிறி அண்ணை மட்டும் பயப்பிடேல்லை. மனிசன் வேற விதமா யோசிச்சார். ஷேட் கார்ட்டைக் கொண்டுபோய்க் கறைக்குப் பக்கத்தில பிடிச்சு, ஒவ்வொரு நிறமா ஒப்பிட்டு, கடைசியில ஒண்டைக் கண்டுபிடிச்சார். எண்ணெய் ஊறின கடுதாசி நிறம். "மறைக்க ஏலாட்டி, முழு அறையையும் அந்த நிறமாக்குவம். பிறகு கறை எது, சுவர் எது?" கோல் றோட்டுக் கடையில முதலாளி மெசினில கலந்து குடுத்துப்போட்டு, "மேக கத பாட்டக்னே, மாத்தயோ" எண்டானாம். வடிவில்லாத நிறமாம். இவர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தானே வேட்டியை மடிச்சுக்கட்டி அடிச்சார். நாலு சுவரும். அந்த மனிசன் இவ்வளவு காலமா ஒருத்தருக்கும் சொல்லாத நிறம் அது. அடிச்சு முடிய அந்த அறைக்குள்ள நிண்டால் எண்ணெய்ப் போத்திலுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்தது.

கறை மறைஞ்சுதான் போச்சு. நானும் தேடிப் பாத்தன், காணேல்லை.

அண்டைக்கு நான் இடியப்பம் கொண்டு போயிருந்தனான். சிறி அண்ணை பெண்சாதியைக் கையில பிடிச்சு அறைக்குள்ள கூட்டிக்கொண்டு வந்தார். பாலேஸ் அக்கா சுவரைப் பாத்தா. கையால தடவினா, இஞ்சால, அங்கால, கட்டிலில ஏறி நிண்டு மேல. பிறகு திரும்பி, புருசனை நேர பாத்து, இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாய் திறந்தா.

"என்ர பிள்ளையை எங்கை வைச்சிருக்கிறியள்?"

எல்லா வாசலிலையும் அந்த மனிசன் கேட்ட கேள்வி. இப்ப அவரையே கேக்கிறா. சிறி அண்ணை அந்தக் கந்தோர்க்காரர் நிண்ட மாதிரியே நிண்டார், பாவம். பெயின்ற் பட்ட கையை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை.

அதோட பாலேஸ் அக்கா சாப்பாட்டை முழுசா விட்டிட்டா. தண்ணி மட்டும். நான் ஊட்டிப் பாத்தன், ஏசிப் பாத்தன், காலைப் பிடிச்சும் கேட்டன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டா. "அண்ணை, உங்கட நிறமும் மண்ணாங்கட்டியும்! இருந்த கொஞ்சத்தையும் அழிச்சுப்போட்டியள்" எண்டு அவற்ற முகத்துக்கு நேர கத்திப்போட்டன். மனிசன் கோவிக்கேல்லை. "ஓம் நாகேஸ்" எண்டார்.

அடுத்த சனிக்கிழமை காலமை மேல இருந்து நல்லெண்ணெய் காயிற மணம் வந்தது. பாலேஸ் அக்கா எழும்பி நடக்கவே ஏலாத நிலை, பிறகார் அடுப்பில எண்ணெய் வைச்சது? புட்டுக் கோப்பையோட படி ஏறினன். கதவு திறந்து கிடந்தது. யோகன்ர கட்டிலில சிறி அண்ணை இருக்கிறார். மொட்டைத் தலை முழுக்க எண்ணெய், காது வழிய வடியுது. யோகன் இருக்கிற மாதிரியே காலை நீட்டி, சுவரில தலையைச் சாய்ச்சு, கையில பேப்பர். பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தார். கண் ரெண்டும் மூடியிருந்தது, கண்ணீர் எண்ணெயோட சேந்து வடிஞ்சது.

நிலத்தில இருந்து பாலேஸ் அக்கா பாத்துக்கொண்டிருந்தா. நான் கோப்பையைக் கிட்ட வைச்சன். கையை நீட்டித் தானே எடுத்துச் சாப்பிட்டா. ஒரு வாய், ரெண்டு வாய், பிறகு நல்ல பசியோட. நான் அழுதுகொண்டு தண்ணி ஊத்திக் குடுத்தன். குடிச்சுப்போட்டு, பழைய மெல்லிய குரலில சொன்னா: "ஊறினது போதும் ராசா. வந்திட்டாய்தானே. எழும்பிப் போய் முழுகு."

சொல்லேக்க அவ புருசனைப் பாக்கேல்லை. அவற்ற தலைக்கு மேல பாத்தா.

சிறி அண்ணை கண்ணைத் திறந்தார். "ஓம் அம்மா" எண்டுபோட்டு, துவாயை எடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் குளியலறைக்குப் போனார். வாளியில தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. நான் சுவரைப் பாத்தன். அவர் சாய்ஞ்ச இடத்தில அவற்ற கறை, புதுசா, கொஞ்சமாய் இருந்தது. அதுக்கு மேல, ஒரு சாண் உயரத்தில, பழைய இடத்திலேயே, இன்னொண்டு. அதிலயிருந்துதான் எண்ணெய் வடிஞ்சுகொண்டிருந்தது.